மாலுக்குள் போனதும் தடுமாறும் ஜிபிஎஸ்... கட்டடத்துக்குள் உங்களை வைஃபை கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணா, லொகேஷன் காட்டுற இடத்துக்கு வந்துட்டேன். நீங்க எந்த பிளாக், எந்த மாடி?"

உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களோ! முட்டுச்சந்து வரைக்கும் சரியாக அழைத்து வரும் மேப், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டியதும் கையை விரித்துவிடுகிறது. பெரிய மாலுக்குள் மேப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், நீலப் புள்ளி மட்டும் பார்க்கிங்குக்கும் பக்கத்துத் தெருவுக்கும் அலைந்துகொண்டிருக்கும்.

டெலிவரி என்றால் போன் போட்டு வழி கேட்டுக்கொள்ளலாம். நெஞ்சுவலியோடு அவசர எண்ணை அழுத்திவிட்டு, பேச முடியாமல் விழுந்துவிட்ட ஒருவரிடம் "எந்த மாடி?" என்று யார் கேட்பது?

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆராய்ச்சியாளர்கள் 25 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுத்த முக்கியமான கருவி, நம் வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரௌட்டர்தான்.

ஜிபிஎஸ்ஸுக்கு உள்ளே என்ன பிரச்சனை?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் ரேடியோ சிக்னல் நம் போனை எட்டும்போது எவ்வளவு பலவீனமாகிவிடுகிறது தெரியுமா? ஒரு வாட் மின்சக்தியைக் கோடி கோடித் துண்டுகளாக உடையுங்கள். அதில் ஒரே ஒரு துண்டை எடுத்து இன்னும் நூறாக உடையுங்கள். அந்தத் துகள் அளவுதான் வந்து சேர்கிறது. திறந்த வெளியில் அதையும் போன் பிடித்துவிடும். நடுவில் கான்கிரீட் தளமும் இரும்புக் கம்பிகளும் வந்துவிட்டால் அதுவும் போச்சு. ஜன்னல் வழியாக ஏதோ கொஞ்சம் நுழைந்தாலும், எதிர்க் கட்டடத்தில் பட்டுத் தெறித்து வந்த சிக்னலாக இருக்கும். சுற்றிவந்த சிக்னலை நேராக வந்ததாக நினைத்து போன் கணக்குப் போடுவதால்தான் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நிற்கிறது.

இதெல்லாம் தெரிந்தும், கட்டடத்துக்குள் உங்கள் போன் ஓரளவுக்காவது இடத்தைச் சொல்கிறதே, அது எப்படி?

பாஸ்வேர்டு தேவையில்லை

ஒவ்வொரு வைஃபை ரௌட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு நொடிக்குப் பல முறை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அதோடு தனக்கென்று இருக்கும் ஒரு அடையாள எண்ணையும் சொல்கிறது. இதைக் கேட்க அந்த வைஃபையில் நீங்கள் இணைந்திருக்க வேண்டியதில்லை, பாஸ்வேர்டும் வேண்டாம். தெருவில் நடந்து போகும்போது வீடுகளின் வாசல் பெயர்ப்பலகைகளைப் படிப்பது மாதிரி, உங்கள் போன் சுற்றியுள்ள ரௌட்டர்களின் எண்களைப் படித்துக்கொண்டே போகிறது.

எந்த எண் கொண்ட ரௌட்டர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியல் கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. போன் "எனக்கு இந்த ஐந்து ரௌட்டர்கள் கேட்கின்றன" என்று கேட்டால், "அப்படியென்றால் நீ இங்கே இருக்கிறாய்" என்று பதில் வருகிறது. 2008 ஜனவரியில், முதல் ஐபோனில் ஜிபிஎஸ் சிப்பே இல்லாத காலத்தில், ஸ்கைஹூக் என்ற நிறுவனத்தின் இப்படிப்பட்ட பட்டியலை வைத்துத்தான் ஆப்பிள் மேப்பில் இருப்பிடத்தைக் காட்டியது.

பட்டியல் எப்படிச் சேர்ந்தது? தெருத்தெருவாகக் கார் ஓட்டி! ஸ்ட்ரீட் வியூ படம் எடுக்கப் போன கூகுள் கார்கள் வைஃபை எண்களையும் சேகரித்தன. எண்கள் மட்டுமல்ல, பூட்டப்படாத வைஃபைகளில் ஓடிக்கொண்டிருந்த தகவல்களின் துண்டுகளையும் சேர்த்து அள்ளிவிட்டதாக 2010 மே மாதம் கூகுளே ஒப்புக்கொண்டது. பல நாடுகளில் அது பெரிய பிரச்சனையானது. இன்றைக்குக் கார் அவ்வளவாகத் தேவையில்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் போன்களே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

ஆனால் இந்த முறை "இந்தக் கட்டடத்தில் இருக்கிறீர்கள்" என்ற அளவில் நின்றுவிடும். எந்த அறை என்று தெரிய வேண்டுமானால் கதை வேறு.

சிக்னல் பலத்தை வைத்து தூரம் சொல்லிவிடலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ரௌட்டர் பக்கத்தில் நின்றால் முழுப் புள்ளி, தள்ளிப் போனால் ஒரே புள்ளி. அப்படியானால் பலத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடித்து, மூன்று ரௌட்டர்களிலிருந்து மூன்று வட்டம் போட்டால், அவை சந்திக்கும் இடத்தில் ஆள் இருப்பார். பள்ளிக்கூடக் கணக்கு.

காலியான மைதானத்தில் இது வேலை செய்யும். வீட்டுக்குள் செய்யாது. காரணம், அலை நேர்கோட்டில் மட்டும் வருவதில்லை. சுவரில் பட்டு ஒன்று, பீரோவில் பட்டு ஒன்று, தரையில் பட்டு ஒன்று என்று ஒரே சிக்னல் பல பிரதிகளாக வருகிறது. சில இடங்களில் இவை ஒன்றோடொன்று சேர்ந்து பலமாகும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். சாதாரண வைஃபையின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஆகவே நீங்கள் ஒரு சாண் நகர்ந்தாலே சிக்னல் ஏறி இறங்கும். ரௌட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பது, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் சரியாகிவிடுவது... இதற்கும் இதுவே ஒரு காரணம்.

இன்னொரு வில்லனும் உண்டு. நாம்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். போனைக் கையில் வைத்துக்கொண்டு ரௌட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே அளவு மாறிவிடும். தூரம் மாறவில்லை, ஆனால் போன் "தள்ளிப் போய்விட்டோம்" என்று நினைக்கும்.

இந்த விஷயம் 2020-ல் உலகத்துக்கே பாடமாக வந்தது. கொரோனா தொற்றாளர் அருகில் இருந்தோமா என்று ப்ளூடூத் பலத்தை வைத்துச் சொல்லும் செயலிகள் பல நாடுகளில் வந்தன. இந்தியாவின் ஆரோக்கிய சேதுவும் ப்ளூடூத்தைப் பயன்படுத்தியதுதான். அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், கூகுளும் ஆப்பிளும் சேர்ந்து உருவாக்கிய முறையை ஒரு டிராம் வண்டிக்குள் சோதித்தார்கள். சுற்றிலும் உலோகம், அலைகள் தெறித்துக்கொண்டே இருந்தன. முடிவு? யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அந்த முறை சொன்னது, கண்ணை மூடிக்கொண்டு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை.

இடத்துக்கும் உண்டு கைரேகை

பலத்தை நம்பி தூரம் சொல்ல முடியாது, சரி. தூரத்தையே கேட்காமல் விட்டுவிட்டால்?

இப்படி யோசித்தவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் என்ற இருவர். 2000-ல் இவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கு 'ரேடார்' என்று பெயர். விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார் இல்லை, அலுவலகத்தில் ஆளைக் கண்டுபிடிக்கும் ரேடார். வைஃபை என்ற பெயரே அப்போது புதுசு.

செய்தது இதுதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு தளம். அங்கே மூன்றே மூன்று வயர்லெஸ் நிலையங்கள். தளம் முழுக்க 70 இடங்களில் போய் நின்று, மூன்று நிலையங்களின் பலத்தையும் அளந்து எழுதினார்கள். அதுவும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசையையும் பார்த்து நின்று அளந்தார்கள், உடம்பு மறைக்கும் பிரச்சனைக்காக. அப்புறம் புதிதாக ஒரு லேப்டாப் எங்கேயோ நின்று மூன்று அளவுகளைச் சொன்னால், எழுதி வைத்த அட்டவணையில் எந்த இடத்தின் அளவுகளோடு அது ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

எளிமையாகச் சொன்னால், லிஃப்ட் வாசலில் ஒன்றாம் ரௌட்டர் -45, இரண்டாவது -62, மூன்றாவது -78 என்று பதிந்திருக்கிறது. கேன்டீன் வாசலில் -75, -50, -60. இப்போது உங்கள் போன் -47, -64, -75 என்கிறது. எங்கே இருக்கிறீர்கள்? லிஃப்ட் பக்கம். (இந்த எண்களில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். -45-க்கும் -75-க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.)

சுவரில் பட்டுத் தெறிக்கிறதே, பீரோ மறைக்கிறதே என்ற தொல்லைகள் எல்லாம் இங்கே உதவியாக மாறிவிடுகின்றன. அந்தக் குழப்பங்கள்தான் ஒவ்வொரு மூலைக்கும் தனி அடையாளத்தைத் தருகின்றன. அதனால்தான் இந்த முறைக்குக் கைரேகை என்று பெயர் வந்தது. ரேகை பார்த்து இடம் சொல்வது என்றதும் ஜோசியம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை!

பலன் எப்படி? மிக பலமாகக் கேட்கும் நிலையத்தின் இடத்தையே ஆள் இருக்கும் இடமாக எடுத்துக்கொண்டால் சுமார் 8 மீட்டர் பிசகியது. கைரேகை முறையில் பிசகு சுமார் 3 மீட்டராகக் குறைந்தது. ஏறக்குறைய ஒரு அலுவலக அறையின் அளவு. 70 இடத்தில் நின்று அளக்கும் கஷ்டமே வேண்டாம், சுவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இன்னொரு வழியையும் முயன்றார்கள். அதில் 4.3 மீட்டர். இதற்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு இந்த ஆய்வுதான் தொடக்கப்புள்ளி.

குறை என்னவென்றால், கைரேகை அழியும். கடை காலியாக இருக்கும் காலை நேரத்தில் அளந்துவிட்டு, தீபாவளிக் கூட்டத்தில் போய்த் தேடினால் அட்டவணை பொய் சொல்லும். ரௌட்டரை மாற்றினாலோ, இரும்பு அலமாரியை இடம் மாற்றினாலோ திரும்ப அளக்க வேண்டும். போன் மாடலுக்கு மாடல் அளவும் மாறும். 2014-ல் பெர்லினில் மைக்ரோசாஃப்ட் ஒரு போட்டி வைத்தது. ஒரே கட்டடம், 22 அணிகள். சொந்தமாகக் கருவிகளைப் பொருத்திக்கொண்ட பிரிவில் வென்ற அணிக்கு 72 சென்டிமீட்டர் பிசகு. இருக்கும் வைஃபையையே நம்பிய பிரிவில் 1.6 மீட்டர். பல வருட உழைப்புக்கு அப்புறமும், நிபுணர்கள் நேரில் வந்து நின்றும், இவ்வளவுதான்.

பலத்தை விடுங்க, நேரத்தைப் பாருங்க

ரேடியோ அலை ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போகும். போனிலிருந்து ரௌட்டருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்தால் தூரம் நேராகக் கிடைத்துவிடும். வைஃபையில் இதற்கான வழி 2016-ல் அதிகாரபூர்வ தரநிலைக்குள் வந்தது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 அதைப் போனுக்குக் கொண்டுவந்தது. இந்த வசதி கொண்ட மூன்று ரௌட்டர்களாவது இருந்தால் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும் என்கிறது கூகுள். "வசதி கொண்ட" என்பதைக் கவனியுங்கள். எல்லா ரௌட்டரிலும் அது இல்லை.

நேரத்தை அளப்பதிலும் எதிரொலிச் சிக்கல் உண்டு. நேராக வந்த அலை எது, தெறித்து வந்தது எது? நீளமாக ஹாரன் அடித்தால் சத்தமும் எதிரொலியும் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். ஒரே ஒரு கைதட்டல் என்றால் முதல் சத்தம் தனியாக, எதிரொலி தனியாகக் கேட்கும். அப்படி மிகச் சின்ன கைதட்டல்களை அனுப்பும் தொழில்நுட்பம்தான் அல்ட்ரா வைட்பேண்ட். மிக அகலமான அலைவரிசையை எடுத்துக்கொள்வதால் இதில் துடிப்புகள் குட்டையாக இருக்கும். 2019-ல் ஐபோன் 11-லும், 2021-ல் ஏர்டேகிலும் வந்தது இதுதான். சோஃபாவுக்கு அடியில் விழுந்த சாவிக்கொத்தை அம்புக்குறி போட்டுக் காட்டும் அளவுக்குத் துல்லியம்.

ப்ளூடூத் வழியும் ஒன்று உண்டு. லண்டனின் கேட்விக் விமான நிலையம் 2017-ல் இரண்டு முனையங்களிலும் சுமார் 2,000 ப்ளூடூத் பீக்கன்களைப் பொருத்தி, 3 மீட்டர் துல்லியத்தில் பயணிகளுக்கு வழிகாட்டத் தொடங்கியது. காசு செலவழித்துக் கருவி வைக்க ஆள் இருந்தால் எதுவும் நடக்கும்.

எந்த மாடி?

மேப்பில் புள்ளி சரியாக விழுந்துவிட்டது. ஆனால் பத்து மாடிக் கட்டடத்தில் அந்தப் புள்ளிக்குப் பத்து அர்த்தம்! இதற்கு ரேடியோவைவிடக் கைகொடுப்பது காற்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையில் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தைக்கூட சில போன்களில் உள்ள சென்சார் உணர்ந்துவிடும். மழை வந்தாலும் அழுத்தம் மாறும் என்பதால், பக்கத்தில் உள்ள நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 911-க்கு வரும் செல்போன் அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு, பக்கவாட்டில் 50 மீட்டருக்குள் இடம் தெரிய வேண்டும் என்று 2015-ல் விதி போட்டது. உயரத்தில் 3 மீட்டருக்குள் தெரிய வேண்டும் என்று 2019-ல் சேர்த்தது. 3 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மாடி. 2016-ல் கூகுள், அவசர எண்ணை அழைத்ததும் வைஃபை, ஜிபிஎஸ், செல் டவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து இருப்பிடத்தை அனுப்பும் வசதியை ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. ஆனால் அழைப்பை எடுக்கும் மையமும் அதைப் பெறும் வசதியோடு இருந்தால்தான் பயன். அதனால் 108-க்கோ 112-க்கோ அழைக்கும்போது தெருவோடு நிறுத்தாதீர்கள். பிளாக், மாடி, லிஃப்ட் இருக்கிறதா, எந்த கேட் திறந்திருக்கிறது என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

குரல் கேட்டது, இடம் தெரியவில்லை

1999 டிசம்பர் 3. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரம். மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீ. உள்ளே வீடில்லாத சிலர் தங்கியிருக்கலாம் என்ற தகவலால் தீயணைப்பு வீரர்கள் தேடப் போனார்கள். குளிர்பதனக் கிடங்கு என்பதால் ஜன்னல்கள் கிட்டத்தட்ட இல்லை. திக்குத் தெரியாத கறுப்புப் புகை. இரண்டு வீரர்கள் வழி தவறினார்கள். வாக்கிடாக்கியில் பேசினார்கள், வழி தெரியவில்லை என்றார்கள், சுவாசக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அவர்களைத் தேடிப் போன நான்கு பேரும் திரும்பவில்லை. மொத்தம் ஆறு பேர். அவர்கள் தேடிப் போன வீடில்லாதவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

அவர்களின் குரல் ரேடியோ அலை வழியாக வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. அந்த அலை எங்கிருந்து வருகிறது என்று சொல்லத்தான் எதுவும் இல்லை.

அதே நகரத்தில் உள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனம் அதன்பிறகு இந்த ஆராய்ச்சியில் இறங்கியது. இங்கே கைரேகை முறை உதவாது. எரியும் கட்டடத்தை முன்பே யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள், கரண்ட் போனால் ரௌட்டரும் போய்விடும். எனவே வீரர் உடம்பில் ஒரு டிரான்ஸ்மிட்டர், வெளியே சுற்றி நிற்கும் வண்டிகளில் ஆன்டெனாக்கள், வந்த சிக்னலை வைத்து உள்ளே யார் எங்கே என்று கணக்கிடுவது என்ற வழியை எடுத்தார்கள். நேராக வரும் அலையே இல்லாமல், தெறித்தவை மட்டும் வெளியே வரும் கட்டடங்களில் இந்தக் கணக்கு இன்னமும் தலைவலிதான்.

நம்மை யார் பார்க்கிறார்கள்?

இதுவரை பார்த்தது, போன் தன் இடத்தைத் தானே தெரிந்துகொள்வது. திருப்பியும் போடலாம். ரௌட்டர்கள் உங்கள் போனைக் கவனிக்கலாம். வைஃபை ஆனில் இருந்தால் போன் "யாராவது இருக்கிறீர்களா?" என்று அவ்வப்போது கூவிக்கொண்டே போகும்.

லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் 2016 நவம்பர், டிசம்பரில் நான்கு வாரம் 54 நிலையங்களில் இதைப் பதிவு செய்தது. 56 லட்சம் கருவிகள், 50.9 கோடி பதிவுகள். பயணி எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பதை மட்டுமே கார்டு சொல்லும். நடுவில் எந்தப் பாதையில் மாறினார் என்பதை வைஃபை சொன்னது. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் 18 விதமான வழிகளில் போகிறார்கள் என்று அப்போதுதான் நிர்வாகத்துக்கே தெரிந்தது! அடையாள எண்களை மறைத்துத்தான் சேகரித்தார்கள், நிலையங்களில் அறிவிப்பும் வைத்தார்கள். கூட்ட நெரிசலைக் குறைக்க இது நிஜமாகவே பயன்படும்.

அறிவிப்பு இல்லாமலும் நடந்திருக்கிறது. அதே லண்டனில் 2013-ல், விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள் போகிற வருகிறவர்களின் போன் எண்ணங்களை... மன்னிக்கவும், போன்களின் அடையாள எண்களைக் குறித்துக்கொண்டிருந்தது செய்தியானது. நகர நிர்வாகம் தலையிட்டு நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 8-லிருந்து, வைஃபை தேடும்போது போலி எண்ணைச் சொல்லும் வழக்கத்தை ஆப்பிள் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபையில் இணையும்போதும் போலி எண் வழக்கமாகிவிட்டது. ஆனால் மாலின் இலவச வைஃபையில் செல்போன் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து நாமே உள்ளே நுழைந்தால், போலி எண் இருந்து என்ன பிரயோஜனம்?

உங்கள் போனில் பார்க்க வேண்டியது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொகேஷன், லொகேஷன் சர்வீசஸ் என்று போனால் 'வைஃபை ஸ்கேனிங்', 'ப்ளூடூத் ஸ்கேனிங்' என்று இரண்டு இருக்கும். வைஃபையை அணைத்து வைத்திருந்தாலும் இவை ஆனில் இருந்தால் போன் ரௌட்டர்களின் எண்களைப் படித்துக்கொண்டிருக்கும். அணைக்கலாம், ஆனால் கட்டடத்துக்குள் மேப் இன்னும் தடுமாறும். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பது. ஐஓஎஸ் 14-லிருந்தும் ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் 'துல்லியமான இடம்' என்பதை மட்டும் தனியாக அணைக்கும் வசதி இருக்கிறது. வானிலை சொல்லும் செயலிக்கு நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டியதில்லை. ஊர் தெரிந்தால் போதும். ஆம்புலன்ஸ், டாக்ஸி, டெலிவரி செயலிகளுக்கு மட்டும் அதை ஆனில் விடுங்கள்.

உங்கள் வீட்டு ரௌட்டரையே கூகுளின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமா? வைஃபை பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடும், அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'நோமேப்' என்பதையும் சேர்த்தால் போதும். 2011-லிருந்தே இந்த வழி இருக்கிறது. பெயர் மாறியதும் வீட்டில் உள்ள டிவி முதல் எல்லாக் கருவிகளையும் மறுபடி வைஃபையில் இணைக்க வேண்டிவரும். அதற்குத் தயாராக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்யுங்கள்.